மூன்று மிதி

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டு, மாடிப்படி இறங்கும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறதே, அவர்களுக்கு. சின்ன வயதில் சுளுக்குப் பிடித்தால் உங்களை எங்கே கூட்டிப்போனார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கழுத்தில் பிடித்தால் தலையணையை வெயிலில் காயவைத்திருப்பார்கள். காலிலோ இடுப்பிலோ பிடித்தால், வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்த ஒரு ஆளைத் தேடிப் போயிருப்பார்கள். அந்த ஆள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்று நம்பிக்கை. எங்கள் ஊரில் அந்த ஆள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சீர்காழிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் எங்களுடையது. கடைமடை என்பார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டு, களைத்துப்போய் எங்களிடம் வரும். அப்பா முன்னே பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில் ஒரு வேலி நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார். நடவு இல்லாத மாதங்களில் கொத்தனாருக்குக் கையாளாகப் போவார். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில்.

மிதிப்பதற்கு ஒரு முறை இருந்தது. வெறும் வயிற்றில், பல் துலக்குவதற்கு முன், மூன்று நாள் காலையில், நாளைக்கு ஒரு மிதி. இடது காலால்தான் மிதிக்கவேண்டும். சுளுக்குக்காரர் கிழக்கே தலைவைத்துப் பாயில் படுத்திருப்பார். நான் தூக்கக் கலக்கத்தோடு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து மிதித்துவிட்டு மறுபடி படுக்கப் போவேன். இதில் எனக்கு என்ன பெருமை என்று கேட்காதீர்கள். வகுப்பில் கணக்கு வராது, ஓட்டப்பந்தயத்தில் கடைசி, நிறமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பிறந்த விதம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

அந்த வருஷம் ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் முனையில் தங்கினார்கள். காவித் துணி, வெறுங்கால், சின்னத் தேர். அதில் ஒரு பெரியவருக்குக் கால் பிசகிவிட்டது. யாரோ என்னைச் சொல்ல, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவருக்கு மூன்று நாள் இல்லை, ஒரு காலைதான். ஒரே மிதி. அவர் எழுந்து நாலடி நடந்துபார்த்துவிட்டு, என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கட்டு மெழுகுவர்த்தி கொடுத்தார். ஊர் அதைப் பார்த்தது. அதற்குப் பிறகு என் கால் வெறும் கால் இல்லை. அவருக்கு இலேசான பிசகாக இருந்திருக்கும், தானே சரியாகியிருக்கும் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு யார் சொல்வது?

அதே மாதம்தான் அப்பாவின் பாஸ்போர்ட் வந்தது. ஊரில் எல்லோரும் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. எதிர்வீட்டு அண்ணன் சிங்கப்பூர் போய், அவர்கள் வீட்டில் டேப்ரெக்கார்டர் பாடியது. வயலில் ஆள் கிடைக்கவில்லை என்று பண்ணைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அம்மாவின் அண்ணன், என் மாமா, ஒரு ஏஜெண்டைப் பிடித்துவைத்திருந்தார். குவைத்தில் கட்டட வேலை. ஐப்பசியில் மெட்ராஸில் ஆள் எடுக்கிறார்கள், சாரம் ஏறி இறங்கிக் காட்டவேண்டும், தேறினால் இரண்டு மாதத்தில் விமானம் என்றார். அப்பா பாஸ்போர்ட்டைத் தகரப் பெட்டியில் வைத்து, தினமும் ஒரு தடவை எடுத்துத் தன் போட்டோவைப் பார்த்துக்கொள்வார். அதில் அவர் சிரிக்காமல் இருந்தார். அந்தப் போட்டோ என்னிடம் இல்லை, பாஸ்போர்ட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை.

மெட்ராஸுக்குச் சரியாக இரண்டு வாரம் இருக்கும்போது அது நடந்தது. நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. வரப்பில் நண்டு வளை போட்டு, எங்கள் தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைமடையில் ஒரு குடம் தண்ணீரைக்கூட விடமாட்டார்கள். அப்பா களிமண்ணை வைத்து வளையைக் காலால் மிதித்து அடைத்தார். ஒரு மிதியில் வரப்பு உள்ளே வாங்கி, பாதம் உள்பக்கமாகப் புரண்டு, உடம்பு எடை முழுக்க அதன்மேல் இறங்கிவிட்டது. மண்வெட்டியைத் தலைகீழாக ஊன்றிக்கொண்டு வீடு வந்தார். வாசலில் உட்கார்ந்து, "உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். வலிக்கிறது என்று சொல்லவில்லை.

காலையில்தான் மிதிக்கவேண்டும் என்பதால் அது ஒன்றைத் தவிர வீட்டில் அன்று எல்லாம் செய்தார்கள். வறுத்த உப்பு ஒத்தடம் கொடுத்தார்கள். புளியைக் கரைத்துக் காய்ச்சிக் கொதிக்கக் கொதிக்கப் பத்துப் போட்டார்கள். கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தேய்த்து நீவினார்கள். சூடு பட்டால் இன்னும் வீங்கும், முதல் இரண்டு மூன்று நாள் சூடும் கூடாது நீவவும் கூடாது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் வெளிப்பக்கக் கணுவே தெரியவில்லை. வீக்கத்துக்குக் கீழே நாவல்பழம் நசுங்கிய நிறத்தில் விரல்வரை இரத்தம் இறங்கியிருந்தது.

மாமா தன் மொபெட்டில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நான் முன்னால் நின்றுகொண்டு போனேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா சின்ன வயது, ஒற்றைப் பின்னல். அப்பாவை நாலடி நடக்கச் சொன்னாள். அவரால் இரண்டடிதான் முடிந்தது. கணு எலும்பின் பின் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னாள். அது வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எலும்பு உடையல" என்றாள்.

மாமா பெருமூச்சு விட்டுச் சிரித்துவிட்டார். இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. டாக்டரம்மாவும் அதைப் பார்த்தாள். அவள் அப்பாவின் கெண்டைக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குதிகாலை இன்னொரு கையில் ஏந்தி மெதுவாக முன்னால் இழுத்தாள். பிறகு நல்ல காலிலும் அப்படியே செய்தாள். நல்ல கால் வரவில்லை. அடிபட்ட கால் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது.

வீக்கம் வடிந்த பிறகு ஒரு தடவை பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றாள். ஆனாலும் ஒரு காகிதத்தில் படம் போட்டு மாமாவுக்கு விளக்கினாள். வெளிப்பக்கக் கணுவிலிருந்து மூன்று ஜவ்வு இறங்குகிறது. ஒன்று முன்னால் போகிறது, ஒன்று கீழே குதிகாலுக்கு, ஒன்று பின்னால். பாதம் உள்பக்கம் புரண்டால் முன்னால் இருப்பதுதான் முதலில் போகும், அடி பலமாக இருந்தால் குதிகாலுக்கு இறங்குவதும் சேர்ந்து போகும். இவருக்கு இரண்டும் போயிருக்கும்போலிருக்கிறது என்றாள். காலுக்குப் பின்னால் பாதி மாவுக்கட்டு போட்டுத் துணி சுற்றினாள். மூன்று வாரம் கால் தரையில் படக்கூடாது, தலையணைமேல் தூக்கி வைக்கவேண்டும், ஐஸ் வைக்கவேண்டும், பிறகு வந்தால் பயிற்சி சொல்லித்தருவேன் என்றாள்.

மாமா மெட்ராஸ் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தார். உடையாத காலுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டார்.

"உடைஞ்சிருந்தா நீங்களே பயந்துகிட்டுச் சும்மா இருப்பீங்க" என்றாள் டாக்டரம்மா. "இது உடையலங்கிறதாலயே நடப்பீங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அந்தக் காகிதத்தை மாமா மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பீடி பற்றவைக்கும்போது தெரியாமல் அதைக் கொளுத்தினாரோ என்னவோ, நான் பிறகு பார்க்கவில்லை.

மூன்று நாள் வீட்டில் ஐஸ் வைத்தோம். எங்கள் தெருவில் அப்போது ஃபிரிட்ஜ் ஏது? சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம் பெட்டியின் அடியில் இருக்கும் ஐஸை வாங்கித் துணியில் முடிந்துகொண்டு வருவேன். அப்பாவின் கால் சங்கரா மீன் நாற்றம் அடித்தது. தெருப்பூனையெல்லாம் அவர் கட்டிலைச் சுற்றி வந்தன. அப்பா அவற்றிடம், நான் மீன் இல்லப்பா, ஆள்தான் என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பருவத்தில் வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டில், குளிர்ச்சி வைத்தால் வாதம் வந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். அம்மா ஐஸை நிறுத்திவிட்டாள்.

நாலாம் நாள் மாமா வந்தார். ஏஜெண்ட் தேதியை மாற்றமுடியாது என்று சொல்லிவிட்டானாம். அடுத்த தடவை எப்போது ஆள் எடுப்பார்களோ தெரியாது, இந்த இடத்துக்குப் பின்னால் பத்துப்பேர் நிற்கிறார்கள் என்றார். பேசிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மாப்ள, எலும்பு உடையலன்னு அந்தம்மாவே சொல்லிருச்சு. அப்ப என்ன அது? சுளுக்குதான? வீட்டுலயே காலால பொறந்தவள வச்சிக்கிட்டு ஊரான் மாவுக்கட்டு போட்டுக்கிட்டுக் கெடக்கீங்களே."

உடையாவிட்டால் சுளுக்கு, சுளுக்கென்றால் மிதி. எங்கள் ஊர்க் கணக்கு அவ்வளவுதான். நடுவில் ஜவ்வு என்று ஒன்று இருப்பதற்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. அம்மா என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. அப்பா என்னைப் பார்த்தது நினைவிருக்கிறது. மறுக்கப்போகிறார் என்று தோன்றி எனக்கு அழுகை வந்தது. ஊருக்கெல்லாம் மிதித்தவள் அப்பாவுக்கு மிதிக்கக்கூடாதா? என் முகத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, சரி என்றார்.

மறுநாள் காலையில் துணியைப் பிரித்து மாவுக்கட்டைக் கழற்றினார்கள். அப்பா ஒருக்களித்துப் படுத்தார். வெளிப்பக்கக் கணு மேலே பார்த்தபடி இருந்தது. முதல்நாள் பயந்து பயந்து மிதித்தேன். வீக்கம் என் உள்ளங்காலுக்குக் கீழே சூடாக, பதமாக இருந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் தைரியம் வந்தது. அன்று மாமா, பட்டும் படாமலும் மிதிக்கிறாள், இதனால்தான் இன்னும் விடவில்லை என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் நான் மனசுக்குள் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிவிட்டு, வலது காலைத் தரையிலிருந்து எடுத்து என் முழு எடையையும் இடது காலில் வைத்து நின்றேன். எலும்பும் சதையும் நழுவுவது தெரிந்தது. நான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் அப்பா வாயில் வைத்திருந்த துண்டை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"விட்டுப்போச்சு பாப்பா" என்றார்.

மாவுக்கட்டை மறுபடி போடவில்லை. அதைக் கொல்லையில் போட்டார்கள். பாதி ஓடாக, உள்ளே அப்பாவின் கால் வளைவு அப்படியே இருந்தது. அம்மா அதில் கோழிக்குத் தவிடு வைத்தாள். மழை வந்து கரையும்வரை கோழிகள் அதில் தின்றன. ஞாயிற்றுக்கிழமை அப்பா மாதா கோயிலுக்கு நடந்து வந்தார். நொண்டாமல் நடந்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை. இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மெட்ராஸில் நடந்ததை மாமா வந்து சொன்னதுதான். அப்பா சிமெண்ட் சட்டியோடு சாரத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினாராம். மேற்பார்வை பார்த்தவன் தலையசைத்துவிட்டானாம். மூன்றாம் தடவை கீழே இறங்கி, தரையில் கால் வைத்து, வெறும் சமதரையில், கல்லில்லை குழியில்லை, கால் மடங்கிச் சட்டியோடு விழுந்தாராம். ஒரு ஓரமாகப் போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

சமதரையில் விழுவதை அப்பாவால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கால் அப்படித்தான் ஆயிற்று. நன்றாக நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று மடங்கும். ஒவ்வொரு தடவையும் வீங்கும், நாலு நாளில் வடியும். ரோட்டில் சமாளித்துவிடுவார். ஒற்றையடி அகலத்தில் வழுக்கும் வரப்பில் அவரால் நடக்கமுடியவில்லை. வரப்பில் நடக்கமுடியாதவன் எங்கள் பக்கத்தில் என்ன சாகுபடி செய்வான்? குத்தகை கைமாறியது. டாக்டரம்மாவிடம் மறுபடி போகலாம் என்று அம்மா சொன்னாள். கட்டை அவிழ்த்தது ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று அப்பா போகவில்லை. அந்த வெட்கத்துக்காக ஒரு காலைக் கொடுத்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

மாமா வெறுங்கையோடு திரும்புகிறவர் இல்லை. அதே ஏஜெண்ட் வீட்டுவேலைக்குப் பெண்களையும் அனுப்பிக்கொண்டிருந்தான். பெண்களுக்குச் சாரம் ஏறவேண்டியதில்லை. தை மாதம், பொங்கல் கழிந்து, சம்பா அறுப்புக்கு முன்னால், அப்பாவுக்குப் பதிலாக அம்மா குவைத்துக்குப் போனாள்.

நல்ல வெயில் நேரம். பஸ் நிறுத்தத்துக்கு அப்பா நடந்து வந்தார், கம்பை ஊன்றிக்கொண்டு. அம்மா புதுச் செருப்புப் போட்டிருந்தாள், அது அவளுக்குப் பழக்கமில்லை, படியேறும்போது ஒன்று கழன்று கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அழாமல் இருக்கச் சொன்னாள். நான் அழவில்லை. அவள் போனதற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியுமே, நான் எந்த முகத்தோடு அழுவது? வீட்டில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஒருவர் சொல்லியிருந்தால், இல்லை என்று இன்னொருவர் மறுத்திருப்பார். யாரும் சொல்லாததால் மறுக்கவும் ஆளில்லாமல் போயிற்று.

சுளுக்கோடு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். காலையில் வாசலில் பாயோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் கொல்லை வழியாக ஓடி வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். கடைசியில், பெரிய மனுஷி ஆனதும் காலில் இருக்கும் சக்தி போய்விடும் என்று யாரோ சொல்ல, விட்டுவிட்டார்கள். நான் வயதுக்கு வந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

அம்மாவிடமிருந்து கேசட் வரும். ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். எதிர்வீட்டில் போட்டுக் கேட்போம். எல்லாக் கேசட்டும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "நான் நல்லா இருக்கேன். ஒரு குறையும் இல்ல." பின்னால் ஏதோ குழந்தை அழும், அம்மா அவசரமாக நிறுத்திவிடுவாள். அந்தக் கேசட்டுகளை எங்கள் வீட்டிலேயே வைத்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிர்வீட்டு அண்ணன் அவற்றின்மேல் பாட்டுப் பதிந்துவிட்டார். பதினோரு வருஷம். நடுவில் இரண்டு தடவை வந்தாள். இரண்டாம் தடவை வந்தபோது நான் அவளை விட உயரம்.

போன வருஷம் என் மகள் கபடியில் காலைப் பிசகிக்கொண்டாள். மயிலாடுதுறையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பிளாஸ்டிக் எலும்பில் ரப்பர் ஜவ்வைக் காட்டி எங்களுக்கு விளக்கினார். அதே மூன்று. கட்டைவிரலால் காற்றில் எழுத்து எழுதச் சொன்னார், ஒற்றைக்காலில் நிற்கப் பழக்கினார், இந்தக் காலத்தில் மாவுக்கட்டுக்கூட எல்லோருக்கும் போடுவதில்லை என்றார். அவள் அ-விலிருந்து ஔ-வரை எழுதி, இரண்டு மாதத்தில் ஓடினாள். நான் அவரிடம் கேட்டேவிட்டேன். அடிபட்ட ஏழாம் நாள் ஒரு குழந்தை ஏறி மிதித்தால் என்ன ஆகும்? யார் அப்படி மிதித்தது என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஜவ்வு முன்பே கிழிந்துதான் இருக்கும், குழந்தையின் எடையில் அதற்குமேல் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, ஆறவிடாமல் எழுந்து நடந்ததுதான் கெடுத்திருக்கும் என்றார். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. அவரை எழுந்து நடக்கவைத்தது எது? அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. கடைசிவரை சமதரையைப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தார்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் ஒரு காலையில் குளியலறைப் படியில் காலை மடக்கிக்கொண்டாள். கட்டிலில் உட்காரவைத்தேன். நாலடி நடக்கச் சொன்னேன், நடந்தாள். கணு எலும்பை அழுத்திப் பார்த்தேன், எலும்பில் வலியில்லை. வெளிப்பக்கம் வீங்கத் தொடங்கியிருந்தது. ஐஸ் எடுக்க எழுந்தேன். அவள் காலைத் தரைக்கு நீட்டினாள்.

"ஐஸெல்லாம் எதுக்கு. நீ ஒரு மிதி மிதிடி, போயிரும்."

"நான் மிதிச்சு அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"என்ன ஆச்சு? உன்னாலதான அவர் எந்திரிச்சி நடந்தாரு. மெட்ராஸ்ல விழுந்தது கண்ணேறு. ஊரே பாத்துச்சே அன்னிக்குக் கோயில்ல." அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். நாற்பது வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். என்மேல் அவளுக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை.

அவள் விடவில்லை. பிடிவாதம் பிடித்தாள். சமாதானத்துக்காக என் இடது காலை அவள் கணுவின்மேல் வைத்தேன். எடை வைக்கவில்லை, சும்மா தொட்டபடி வைத்தேன். இந்தத் தடவை என் காலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். தொட்டதற்கே உதட்டைக் கடித்தாள். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, சிரிக்க முயன்றாள்.

"விட்டுப்போச்சு" என்றாள்.

அன்று மிதிக்கும்போது அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்று பார்த்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை தன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அதன் மனசை உடைக்கமுடியாமல் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்ற நடந்தார்.

நான் தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். "விடலம்மா" என்றேன். "நெஜத்தைச் சொல்லு. வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் நல்லா இருக்கேன்." கேசட்டில் கேட்ட அதே குரல்.

நான் காலை விடவில்லை. துணியில் சுற்றிய ஐஸை வீக்கத்தின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்டேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வலிக்குதுடி" என்றாள்.

சின்ன அடிதான், இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் அன்று அவள் விளக்கு வைக்கும் நேரம்வரை அழுதாள். ஐஸ் கரைந்து என் புடவையெல்லாம் நனைந்தது. நான் எழுந்திருக்கவில்லை.